கல் அசையாது, மரம் அடங்காது

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள கிளாஸ்டன்பரி, விக்கா போன்ற புதுப் பேகன் வழிபாட்டுக்காரர்கள், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டை இன்று புதுப்பித்துப் பின்பற்றுபவர்கள், தேடிப்போகும் ஊர். அங்குள்ள கடைகளில் சடங்குக்கான மரக்கோல்களைப் பார்க்கலாம். ஹேசல் அல்லது ஓக் கிளை, நுனியில் ஆறு பட்டையுள்ள குவார்ட்ஸ் படிகம், அதன் கழுத்தில் செம்புக் கம்பிச் சுற்று. வழிபாட்டின்போது தரையில் வட்டம் வரைந்து காட்ட இந்தக் கோல் வேண்டும். கடையில் வாங்காமல் தாங்களே செய்துகொள்பவர்களும் நிறைய. அப்படிச் செய்பவர்களில் பலருக்கு ஒரே அனுபவம்தான் நேர்கிறது: சில மாதங்களில் நுனி பிளந்துவிடும், அல்லது கல் ஆடத் தொடங்கிவிடும். காரணம் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உள்வெற்றிடத்தில் தேங்கியிருப்பது ஒரு பங்கு; செல் சுவர்களுக்குள்ளேயே ஊறியிருப்பது மறு பங்கு. முதலாவது வெளியேறும்போது எடை குறையும், அளவு மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவர்த் தண்ணீர் போகத் தொடங்கும், மரமும் சுருங்கத் தொடங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பல மரங்களில் 4 சதவீதம் அளவுக்கு வரும். ஆண்டு வளையத்தின் போக்கிலோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வட்டத்தின் ஆரம் 4 சதவீதம் குறைந்தால் சுற்றளவும் 4 சதவீதம்தான் குறையும். மரம் சுற்றளவில் 8 சதவீதம் குறையப் பார்க்கிறது. கணக்கு ஒத்துவராத அந்த மிச்சம்தான் விரிசலாக வெளிப்படுகிறது. முழு உருண்டையான கம்பு காயும்போது ஆரவாக்கில் பிளப்பது அதனால்தான். நார்களின் முனை வழியாகத் தண்ணீர் பல மடங்கு வேகமாக ஓடிவிடும் என்பதால் விரிசல் பெரும்பாலும் வெட்டுமுனையில் ஆரம்பிக்கும். எனவே கிளையை வெட்டியதும் இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவி, பட்டையோடு நிழலில் மாதக்கணக்கில் விட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெளிப்புறம் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், பிளவு நிச்சயம்.

சரி, கம்பு காய்ந்துவிட்டது என்று நினைத்து 12 மில்லிமீட்டர் துளை போட்டு, படிகத்தைக் கச்சிதமாகச் செருகுகிறோம். உண்மையில் அது இன்னும் 18 சதவீத ஈரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் சூடேற்றிய ஆங்கிலேய வீட்டுக்குள் அது 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துளை கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருப்பது குவார்ட்ஸ். அது துளியும் விட்டுக்கொடுக்காது. நார்களைக் குறுக்கே இழுத்தால் தாங்கும் வலு மரத்துக்கு மிகக் குறைவு என்பதால் கோல்தான் தோற்கும். இதே சுருக்கத்தை நன்மையாக மாற்றியவர்கள் விண்ட்சர் நாற்காலி (கால்களைப் பலகை இருக்கையின் துளைகளில் செருகிய மர நாற்காலி) செய்யும் ஆங்கிலேயத் தச்சர்கள். காய்ந்த முளையைச் சற்றே ஈரமான துளையில் அடித்து இறக்குவார்கள். துளை சுருங்கும்போது முளை கொஞ்சம் ஈரம் வாங்கி, நசுங்கிக்கொடுத்து இறுகும். படிகம் நசுங்காது. அதனால் இங்கே கம்பை முழுக்கக் காயவிட்டு, கல்லைச் சுற்றி அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அந்த இடத்தைக் கொஞ்சம் இளகிக்கொடுக்கும் பசையால் நிரப்புவதே முறை.

ஐரோப்பாவின் பழைய பசை பைன் பிசினை உருக்கிச் செய்வது. பிசின் தனியாக இருந்தால் கண்ணாடிபோல் உடையும். தேன்மெழுகு சேர்த்தால் இளகும், கரித்தூள் சேர்த்தால் விரிசல் ஓடாமல் தடுக்கும். சூடு காட்டினால் கல்லைத் திரும்பக் கழற்றிக்கொள்ளலாம் என்பதால் எபாக்சி என்ற செயற்கைப் பசையைவிட இதுவே மேல் என்பேன். கழுத்தில் சுற்றும் செம்புக் கம்பியும் அழகுக்கு மட்டுமல்ல. உலக்கை நுனிக்குப் பூண் போடுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரண எஃகுக்கத்தி அதைக் கீறாது. ஜிப்சத்தின் படிக வடிவமான செலினைட்டின் கடினம் 2. நகமே கீறிவிடும், தண்ணீரும் ஆகாது. அமெதிஸ்ட் என்ற குவார்ட்ஸ் வகையின் ஊதா நிறம் நீண்ட நாள் வெயிலில் வெளிறும். கல்லின் அடியைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா; அதன் உலர்ந்த தூள் நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதற்கு முழுக் குணம் கிடையாது.

படிகத்தில் மின்சாரம் இருக்கிறதாமே என்று கேட்பவர்களுக்கு: பாதி உண்மை. 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறப்பதைக் கண்டார்கள். வினாடிக்கு 32,768 முறை அதிரும் கடிகாரக் குவார்ட்ஸ் அந்தப் பண்பில்தான் ஓடுகிறது. ஆனால் குவார்ட்ஸின் அணு அடுக்கு மும்மடிச் சமச்சீர் கொண்டது, அதாவது நீள அச்சைச் சுற்றி மூன்றில் ஒரு சுற்று திருப்பினாலும் அதே அமைப்பு. கூர்முனையிலிருந்து நீளவாக்கில் அழுத்தினால் மின்னூட்டம் வராது. கம்பிச் சுற்று எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கினாலும் விளைவுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரு பக்கவாட்டு அச்சில் மட்டும் அழுத்தினால்தான் பலன், அதுவும் ஒரு நியூட்டன் விசைக்குச் சுமார் 2 பைக்கோகூலோம் (மின்னூட்ட அலகான கூலோமின் லட்சம் கோடியில் இரண்டு பங்கு). அழுத்தம் மாறாமல் நின்றால் அந்த மின்னூட்டமும் கசிந்து போய்விடும். கோலில் உள்ள கல் சக்தியைச் சேமிக்கவில்லை.

ஆனாலும் குவார்ட்ஸ் நிஜமாகவே ஒளிர்ந்த சடங்குப் பொருள் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பகுதியில் வாழும் யூட் பழங்குடியினர், பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமையின் தோலால் செய்த கிலுகிலுப்பைக்குள் குவார்ட்ஸ் துண்டுகளைப் போட்டு இரவுச் சடங்குகளில் குலுக்கினார்கள். கற்கள் உரசி நுண்ணியதாக உடையும்போது மின்னூட்டம் பிரிந்து ஒளி வரும். மெல்லிய தோல் வழியாக அது தெரியும். நீங்களும் பார்க்கலாம். இரண்டு வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள், பாதுகாப்புக் கண்ணாடி, கண் பழகும் வரை இருட்டறை, அவ்வளவு போதும். பதிக்க எடுத்துவைத்த படிகத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், கூர் சிதைந்துவிடும்.