ஒரு வருடத்துப் பனியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

"அண்டார்டிகாவில் பனி கூடிவிட்டது, புவி வெப்பமாதல் பொய்" என்றொரு வாட்ஸ்அப் தகவலை எனக்குப் பலர் அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள். முதல் பாதி உண்மைதான். 2021 முதல் 2023 வரை வழக்கத்தைவிட அதிகமாக வெண்பனி பெய்ததால் அண்டார்டிகாவின் மொத்தப் பனி கொஞ்சம் கூடியது. அதே சமயம் மேற்குப் பகுதியில் துவைட்ஸ் பனியாறு கடலில் பனியை இழந்துகொண்டேதான் இருந்தது. இந்த அளவை எப்படி எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நான் வேலை பார்த்தது ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அங்கே நியோலெசுண்டில் இருக்கிறது. பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரே புரோகர்பிரீன் என்ற பனியாற்றை நார்வே விஞ்ஞானிகள் 1960-களிலிருந்து விடாமல் அளந்துவருகிறார்கள்.

முறை எளிமையானது. பனிக்கட்டியில் ஆழமாகத் துளைபோட்டு நீளமான கம்புகளை நட்டுவைப்போம். குளிர்காலம் முடியும்போது ஒருமுறை, கோடை முடியும்போது ஒருமுறை போய், கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளப்போம். பனிக்கரடி வரலாம் என்பதால் துப்பாக்கியோடுதான் போக வேண்டும்.

உயரம் மட்டும் போதாது, எடையும் வேண்டும். குழி வெட்டி, அடுக்கடுக்காக வெண்பனியை எடுத்து நிறுத்துப் பார்ப்போம். உதாரணமாக, 180 செ.மீ. வெண்பனி இருந்தாலும் அதன் அடர்த்தி தண்ணீரில் 0.38 மடங்குதான் என்றால், உருக்கினால் 68 செ.மீ. தண்ணீர்தான் வரும். கோடையில் அத்தனையும் உருகி, அடியிலுள்ள பழைய பனிக்கட்டியிலும் 150 செ.மீ. போய்விட்டது என்று வையுங்கள். பனிக்கட்டி கனமானது, அது மட்டுமே சுமார் 135 செ.மீ. தண்ணீருக்குச் சமம். அந்த இடத்தில் அந்த ஆண்டின் நிகர இழப்பு அதுதான். குளிர்காலத்தில் எடுத்த படத்தைப் பார்த்தால் அந்த இடம் கொழுத்துத்தான் தெரிந்திருக்கும்!

இப்போது இன்னொரு சிக்கல். ஸ்வால்பார்டில் நடுக்குளிர்காலத்திலேயே மழை பெய்கிறது. 2012 ஜனவரிக் கடைசியில் நியோலெசுண்டில் கொட்டித் தீர்த்தது. அந்த மழைநீர் வெண்பனிக்குள் இறங்கிக் கெட்டியான தகடாக உறைந்துவிடும். ஆழம் பார்க்கக் குத்தும் குச்சி அதில் 'டக்' என்று நின்றால், போன வருடத்துத் தரை வந்துவிட்டதென்று நினைக்கத் தோன்றும். கீழே இன்னும் அரை மீட்டர் வெண்பனி இருக்கலாம். அதனால்தான், கை விறைத்தாலும் குழி வெட்டியே ஆக வேண்டும் என்று இளைஞர்களிடம் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

சரி, கண்டம் முழுவதும் கம்பு நட முடியுமா? முடியாது. அதற்குத்தான் செயற்கைக்கோள்கள். 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களும் 2018-ல் அவற்றுக்குப் பின் வந்தவையும், ஈர்ப்புவிசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை வைத்துப் பனியின் எடையையே கணிக்கின்றன. அந்தக் கணக்கை 2002-லிருந்து பார்த்தால், பனி கூடிய அந்த ஆண்டுகளையும் சேர்த்தே, அண்டார்டிகா சராசரியாக ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டன்னுக்கு மேல் இழந்திருக்கிறது. கிரீன்லாந்தின் இழப்பு அதில் இரண்டு மடங்கு. சுமார் 36,000 கோடி டன் பனி உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும்.

அடுத்த முறை இப்படியொரு தகவல் வந்தால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தப் பகுதியில் என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.