ஐ.எஸ்.எஸ்.என். எண் தரச்சான்று அல்ல

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் ஆம்பூர், குடியாத்தம் மாணவர்கள் கைபேசியோடு வந்து நிற்பார்கள். "சார், இந்த ஜர்னலுக்கு அனுப்பலாமா?"

பாலாற்றங்கரைக் கிணறுகளில் குரோமியம் அளந்த மாணவி ஒருவர் காட்டிய மின்னஞ்சல் அவரைப் "பேராசிரியர்" என்று விளித்தது. மூன்றே நாளில் ஏற்பு, கட்டணம் 2,500 ரூபாய், சான்றிதழ் இலவசமாம்! கடைசி இதழைத் திறந்தோம். நீர் வேதியியல், வணிகவியல், யோகா, சங்க இலக்கியம் எல்லாம் ஒரே அட்டைக்குள். "ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே, சார்" என்றார். அது இதழ்களை அடையாளம் காணத் தரப்படும் எண் மட்டுமே, வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. ஓட்டுநரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

இதைக் கண்டு, 'ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்) என்றாலே போலி' என்று பேராசிரியர்கள் சிலர் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ஆய்வை யாரும் தடையின்றிப் படிக்கட்டும் என்றுதான் 2002இல் ஓப்பன் ஆக்சஸுக்கான புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. 2013இல் அறிவியல் பத்திரிகையாளர் ஜான் போஹானன் வேண்டுமென்றே பிழைகளோடு எழுதிய கட்டுரையை 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. ஆனால் சந்தா இதழ்களை அவர் சோதிக்கவே இல்லை. பெரிய பெயரும் காப்பு ஆகாது: பெரிய பதிப்பகமான வைலி 2021இல் வாங்கிய ஹிந்தாவி என்ற ஓப்பன் ஆக்சஸ் பதிப்பகத்தின் இதழ்கள் 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன.

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் தரமான இதழ்களுக்கென அது கொண்டுவந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. குறைகள் இருந்தாலும் மாணவர்களுக்கு அது ஒரு பிடிமானம். இப்போது பொறுப்பு கல்லூரியின் தலையில். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்பதை யு.ஜி.சி. 2022லேயே தளர்த்திவிட்டது, பல நெறியாளர்கள் இன்னும் விடுவதாக இல்லை.

ஓப்பன் ஆக்சஸ் இதழ்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே. (DOAJ) தளத்தில் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைத் தட்டிப் பாருங்கள். அங்கே கட்டணமே வாங்காத இதழ்கள் ஏராளம். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். போலி இதழில் வெளியான கட்டுரையை நல்ல இதழ் எடுக்காது. உழைத்த தரவு அங்கேயே முடங்கிவிடும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே மின்னஞ்சல் அனுப்பி, நெறியாளருக்கும் நகல் வையுங்கள். அதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.