நோ டியூஸ் கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை வாருங்கள்

பி.எச்டி. முடிக்கிற ஆய்வாளர்களில் சிலரை நான் முதன்முதலாகப் பார்ப்பதே ‘நோ டியூஸ்’ படிவத்தோடுதான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். சென்னையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். அப்படி வந்த வரலாற்றுத் துறைப் பெண் ஒருவரின் கணக்கைத் திறந்தால் ஒரு புத்தகம்கூட எடுத்த பதிவு இல்லை.

“நாலு வருஷத்துல ஒண்ணுகூட எடுக்கலையாம்மா?”

“எல்லாம் நெட்லயே கிடைச்சுது மேடம்.”

சரி, காலம் அப்படி என்று பேனாவை எடுத்தேன். பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: “சில பேப்பருக்கு மட்டும் காசு கட்டினேன். ஒண்ணுக்கு மூவாயிரம் கிட்ட ஆச்சு. அப்பா கார்டுல.” எத்தனை என்று கேட்டேன். ஏழு. பேனாவை மூடிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ஏழு தலைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தேடினோம். ஐந்து, கல்லூரி லாகினிலேயே திறந்தன. ஒன்று, எழுதிய பேராசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடந்தது. மீதி ஒன்றுதான் உண்மையில் பூட்டியிருந்தது. அதையும் அந்த ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் அனுப்பியிருப்பார். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போன கதை, அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் கொஞ்சம் குற்ற உணர்வுதான். நாலு வருடமாக அந்த லாகின் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லாமல் விட்டது யார்?

‘எல்லாம் நெட்டில் இருக்கிறது’ என்பது பாதி உண்மை. இருக்கிறது, ஆனால் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழக வளாகத்துக்குள் உட்கார்ந்து ஒரு கட்டுரையைச் சொடுக்கினால் அப்படியே திறக்கும். பார்ப்பவருக்கு அது இலவசம் மாதிரி தெரியும். உண்மையில் அந்த வளாகத்தின் ஐ.பி. முகவரியைப் பதிப்பகத்துக்குக் கொடுத்து, சந்தா கட்டி, ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருப்பது நூலகம். அதே கட்டுரையை வீட்டில் திறந்தால் நாற்பது டாலர் கேட்கும். கல்லூரிகளுக்கு வேறு வழி: என்-லிஸ்ட். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின் ஆய்விதழ்களும் லட்சக்கணக்கில் மின்னூல்களும் அதில் உண்டு. உங்கள் பெயரை நூலகர் பதிவு செய்து கொடுத்தால் பாஸ்வேர்டு வரும். அப்புறம் ரயிலில் போகும்போதுகூடப் படிக்கலாம். எங்கள் கல்லூரியில் இந்த பாஸ்வேர்டை வாங்கிவிட்டு ஒருமுறைகூட உள்ளே போகாதவர்கள்தான் அதிகம். இது என் கணினியில் தினமும் நான் பார்க்கும் காட்சி.

அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து இன்னும் பெரிய கதவு திறந்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழ் வரும் 6,300 நிறுவனங்கள் இதில் வருகின்றன. முன்பெல்லாம் பெரிய தொழில்நுட்பக் கழகங்களில் மட்டுமே பார்க்க முடிந்த ஆய்விதழை இப்போது மாநிலப் பல்கலைக்கழக மாணவரும் பார்க்கலாம். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. ஆய்வாளர்களில் ஒரு பெரிய கூட்டம் அங்கேதான் இருக்கிறது என்பது என் ஆதங்கம். அரசுக் கல்லூரியில் இருந்துகொண்டு இன்னும் இதைப் பற்றிக் கேள்விப்படவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் நேராக உங்கள் நூலகரிடம் போங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு வளாகத்தில், விடுதி மாணவர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஆய்விதழின் பத்து வருட இதழ்களை மொத்தமாக இறக்க ஒரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டார். காலையில் வளாகம் முழுவதற்கும் அந்தப் பதிப்பகம் கதவைச் சாத்திவிட்டது. மன்னிப்புக் கடிதம், விளக்கக் கடிதம் எல்லாம் அனுப்பித் திறக்க வைக்க நாட்கள் ஆயின. தேவையான கட்டுரையை எடுங்கள். அலமாரியையே பெயர்த்துக்கொண்டு போகாதீர்கள்.

லாகினில் இல்லாத கட்டுரை வேண்டுமென்றால்? பூட்டை உடைக்கும் தளங்களைப் பற்றித்தான் பையன்கள் முதலில் சொல்வார்கள். அவற்றின்மேல் 2020-லேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் பதிப்பகங்கள் வழக்குப் போட்டுவிட்டன. நல்ல வழிகள் அதற்கு முன்னாலேயே நிறைய இருக்கின்றன. அன்பேவால் என்றொரு இலவச நீட்சி உண்டு. பிரவுசரில் போட்டுவிட்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். இயற்பியல், கணிதம், கணினி என்றால், ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைகளை இலவசமாகப் போட்டு வைக்கும் ஆர்க்சிவ் தளம் 1991-லிருந்து இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல். கடைசியாக நான். நூலகர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு: உன்னிடம் இருப்பதை எனக்குக் கொடு, என்னிடம் இருப்பதை நீ கேள். டெல்நெட் மாதிரியான கூட்டமைப்புகள் இதையே முறைப்படி செய்கின்றன. ஒரு அத்தியாயத்துக்காக ஊர் விட்டு ஊர் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வருடமாக எனக்கு ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. இல்லாத கட்டுரைகளைத் தேடுவது. வணிகவியல் மாணவர் ஒருவர் பட்டியலோடு வந்தார். “மேடம், இந்த ஆறு பேப்பர் மட்டும் எங்கேயும் கிடைக்கலை.” ஆசிரியர் பெயர் நிஜம். ஆய்விதழும் நிஜம். தலைப்பைப் பார்த்தால் அவருடைய ஆய்வுக்கென்றே எழுதியது போல இருந்தது. அங்கேதான் எனக்கு உதைத்தது. தொகுதி எண்ணையும் ஆண்டையும் பொருத்திப் பார்த்தால் ஒட்டவில்லை. கடைசியில் கொடுத்திருந்த டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் அடையாள எண்ணைப் போட்டால் மீன்வளம் பற்றிய ஏதோ கட்டுரை திறந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் நெளிந்துவிட்டு, சாட்ஜிபிடி என்றார்.

அதைத் திட்டிப் பயனில்லை. அந்த மென்பொருள் அடுத்தடுத்து வரக்கூடிய சொற்களைக் கணித்து எழுதுகிறது. மேற்கோள் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். அப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா என்று தானாகச் சரிபார்த்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. நீங்கள் பார்க்க வேண்டும். 10 என்ற எண்ணில் தொடங்கும் டி.ஓ.ஐ. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். திறக்காத ஒன்றைப் பட்டியலில் வைக்காதீர்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் சும்மா ஒன்றைச் சொடுக்கிப் பார்த்தால் போதும், மொத்த உழைப்பின்மேலும் சந்தேகம் விழும்.

போலி ஆய்விதழும் இதற்கு அண்ணன்தான். அச்சில் மட்டும் வந்துகொண்டிருக்கும் பழைய ஆய்விதழ் ஒன்றின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்கிற இதழ் அடையாள எண்ணையும் திருடி, யாரோ ஒரு இணையதளம் போட்டு வைத்திருப்பார்கள். மூன்று நாளில் ஏற்புக் கடிதம், கூகுள் பேயில் கட்டணம். அப்படி ஏமாந்து வந்து என் மேசை முன்னால் அழுத ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பணம் போனது ஒருபுறம். வெளியான அந்தக் கட்டுரை எந்தக் கணக்கிலும் வராது, அதை வேறு இடத்துக்கு அனுப்பவும் முடியாது. முன்பு, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரமான ஆய்விதழ்களுக்காக வைத்திருந்த யு.ஜி.சி.-கேர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். அந்தப் பட்டியலை 2025-ல் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது. இனி ஆய்விதழை எடைபோடும் பொறுப்பு கல்லூரிக்கும் நெறியாளருக்கும் உங்களுக்கும்தான். அனுப்புவதற்கு முன் அந்த இணைப்பை நூலகருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்யுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பேர் இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பத்து நிமிடம் போதும்.

சிமிலாரிட்டி ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை; ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் அறிக்கை அது. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அதற்காக ஒவ்வொரு சொல்லையும் அகராதி பார்த்து மாற்றிக் கொண்டு வருகிறார்கள். ‘நீர் மாசு’ என்பது ‘ஜல அசுத்தம்’ ஆகிவிடுகிறது. மென்பொருள் ஏமாறலாம், படிக்கிறவர் ஏமாற மாட்டார்.

தமிழில் ஆய்வு செய்பவர்களின் சிக்கல் வேறு. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் லட்சக்கணக்கில் ஆய்வேடுகள் இருக்கின்றன, தமிழ் ஆய்வேடுகளும் ஏராளம். ஆனால் தமிழில் தலைப்பைத் தட்டினால் பாதி வராது. பழைய ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்பை ஆங்கில எழுத்தில் உள்ளிட்டிருக்கிறார்கள், அவரவர் விருப்பப்படி. ‘சங்க’ என்பதை ஒருவர் எஸ் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் சி போட்டு. நான்கு விதமாகவும் தேடிப் பார்க்க வேண்டும். பி.டி.எஃப்.-ஐத் திறந்தாலும் முடியவில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் டி.டி.பி. சென்டரில் கொடுத்துப் பழைய எழுத்துருவில் ஆய்வேட்டை அடித்து வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வருட உழைப்பை யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் தாங்களே ஒளித்து வைக்கிறார்கள். சென்டர்காரரிடம் முதல் நாளே ‘யுனிகோடு’ என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் டிஜிட்டலாகவும் இல்லை. அந்த வரலாற்றுத் துறைப் பெண்ணின் ஆய்வு, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றியது; 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம். அந்தக் காலத்து அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய தமிழ்ப் பத்திரிகை, துண்டறிக்கை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த சேகரம், 1994-லிருந்து சென்னையில் இருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இவற்றில் எதற்கு எந்தக் கடிதம் வேண்டும், எதில் முதலில் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம் என்று சொல்வதும் என் வேலைதான். இந்த ஊரில் இது புதிதல்ல. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்கு முன் கணிதம் கற்பித்தவர். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் அலமாரிகளை மனதில் வைத்து எழுதினார். எனக்கு அந்த ஏழு கட்டுரைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அன்றைக்குப் படிவத்தை நான் உடனே நீட்டவில்லை. “இதுல சைன் பண்ணி ஆபீஸுக்குப் போச்சுன்னா உன் லாகினும் நின்னுடும், தெரியுமா?” என்றேன். அவருக்குத் தெரியவில்லை. மாணவராக இருக்கும்வரைதான் அந்தக் கதவு. ஆய்வேட்டைப் புத்தகமாக்கும் எண்ணம் இருக்கிறது என்றார். அப்படியானால் அதற்குத் தேவைப்படும் கட்டுரைகளை இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லி, மூன்றாவது கணினியில் உட்கார வைத்தேன். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் சோட்டெரோ மென்பொருளை நிறுவி, பட்டியலைச் சேமிப்பது எப்படி என்று காட்டினேன். அதுவும் இலவசம்தான். அப்புறம் எங்கே போய்ப் படிப்பது என்று கேட்டார். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் யார் வேண்டுமானாலும் போகக்கூடிய இடம். வீடு வியாசர்பாடி என்றதும், உங்களுக்குக் கன்னிமாராதான் பக்கம், ஆவணக் காப்பகமும் அதே எழும்பூரில்தான் என்றேன். 1896-லிருந்து இருக்கும் நூலகம். இந்தியாவில் வெளியாகும் புத்தகங்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அவர் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கும் எழுந்திருக்கவில்லை. படிவம் என் மேசையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியிலேயே கிடந்தது. நாலரை மணிக்கு வந்து, “இப்போ போடுங்க மேடம்” என்றார். போட்டேன்.