தப்பிக்கும் எஞ்சின்: சோதனையில் ஆபத்து எங்கே?

ராக்கெட் பழுதானால், விண்வெளி வீரர்கள் இருக்கும் கலத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு பறப்பதுதான் தப்பிக்கும் அமைப்பின் வேலை. கட்டளை வந்த கணமே முழு விசையோடு கிளம்ப வேண்டும் என்பதால் அழுத்தமும் மின்சுற்றும் எந்நேரமும் தயாராக இருக்கும். மோசமான விபத்துகள் சில, இந்தத் தயார்நிலையில்தான் நடந்திருக்கின்றன.

2019 ஏப்ரல் 20. கேப் கனாவெரலில் ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகன் கலத்தைத் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஆளில்லாமல் விண்வெளி நிலையம் போய்த் திரும்பிய கலம் அது. அதன் தப்பிக்கும் எஞ்சின்களான எட்டு சூப்பர்டிரேக்கோக்கள் எரிய இன்னும் 0.1 நொடி இருக்கையில் கலம் வெடித்துச் சிதறியது.

இந்த எஞ்சின்களில் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசீனும் அதை எரிய வைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றும். இரண்டையும் தொட்டியிலிருந்து தள்ளுவது உயர் அழுத்த ஹீலியம். திரவம் ஹீலியம் குழாய்க்குள் பின்வாங்காமல் தடுக்க வேண்டிய ஒருவழி வால்வு கசிந்து, கொஞ்சம் டெட்ராக்சைடு உள்ளே தேங்கிவிட்டது. ஹீலியத்தைச் சட்டெனத் திறந்துவிட்டதும் அந்தத் திரவம் பெரும் வேகத்தில் பாய்ந்து வால்வை உடைத்தது. வால்விலிருந்த டைட்டானியம், டெட்ராக்சைடோடு பல்லாண்டுகள் பாதுகாப்பாகப் பயன்பட்ட உலோகம்; அந்த அழுத்தத்தில், அந்த அடியில் அதுவே பற்றி எரிந்தது. யாரும் எதிர்பாராத வேதியியல் இது. தரையிலேயே தெரியவந்தது பெரும் நன்மை.

வால்வுகளுக்குப் பதிலாக, அழுத்தம் ஏறினால் மட்டும் கிழியும் தகடுகளைப் பொருத்தினார்கள். ஒருமுறைதான் பயன்படும், ஆனால் அதுவரை கசியாது. நவம்பரில் அதே சோதனை வெற்றி.

மின்சுற்றும் இப்படிக் காலை வாரியதுண்டு. 1959 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் 'லிட்டில் ஜோ 1' என்ற சோதனை ராக்கெட் ஏவப்பட அரை மணி நேரம் இருந்தது. பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில் வழிதவறிய மின்னோட்டம் தப்பிக்கும் ராக்கெட்டைப் பற்றவைத்தது. கலம் சுமார் 600 மீட்டர் உயர்ந்தது. சிறிய பாராசூட் விரிந்தது. பெரியதைத் திறக்கப் பேட்டரியில் சக்தியில்லாமல் கடலில் விழுந்து நொறுங்கியது. அடியிலிருந்த ராக்கெட் மேடையில் அப்படியே நின்றது.

1966 டிசம்பர் 14 அன்று சோவியத் ஏவுதளமான பைக்கனூரில் நடந்தது இன்னும் கொடுமை. ஆளில்லா சோயுஸ் விண்கலத்தின் ஏவுதல் நின்றுபோனதால் ஊழியர்கள் மேடைக்குத் திரும்பியிருந்தார்கள். ராக்கெட்டின் சாய்வை உணரும் கைரோஸ்கோப்புகள் ஓடிக்கொண்டேயிருந்தன. பூமி சுழன்றதை அவை ராக்கெட் சாய்வதாக எடுத்துக்கொள்ள, தப்பிக்கும் ராக்கெட் கிளம்பியது, தீ பரவி ராக்கெட் வெடித்தது, உயிரிழப்பும் நேர்ந்தது.

இன்று க்ரூ டிராகனில், மேடையின் தரைப் பணியாளர்கள் வெளியேறி, கலத்துக்குச் செல்லும் நடைபாலம் விலகிய பிறகே தப்பிக்கும் அமைப்பு தயார்நிலைக்கு வருகிறது. ராக்கெட்டில் எரிபொருள் நிரப்புவது அதற்கும் பிறகு. ஏவுதல் தள்ளிப்போனால் எரிபொருளை வடித்து, அமைப்பை முடக்கிய பின்னரே நடைபாலம் மறுபடி நெருங்கும்.