பைரசி: கொள்ளையா, திருட்டா, கள்ளப்படியா?

'பைரசி' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் முதலில் வருவது 'கடற்கொள்ளை'. ஒரு படத்தையோ மென்பொருளையோ உரியவரைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் அதே சொல்தான் புழங்குகிறது. கடலும் இல்லை, கப்பலும் இல்லை. பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது?

மூலம் கிரேக்கம். 'பெய்ரா' என்றால் முயற்சி, துணிந்து பார்ப்பது. அதிலிருந்து 'பெய்ராத்தேஸ்', அதாவது பாய்ந்து தாக்குகிறவன். லத்தீனில் 'பிராட்டா' ஆகி, கடற்கொள்ளையன் என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. 1600களின் தொடக்கத்திலேயே, அடுத்தவர் எழுத்தை எடுத்தாள்பவர்களை லண்டன் எழுத்தாளர்கள் 'சொற்கொள்ளையர்' என்று ஏச ஆரம்பித்துவிட்டார்கள். பதிப்புரிமைக்கென்று இங்கிலாந்தில் முதல் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1710-ல். சட்டத்துக்கு நூறு ஆண்டு முன்பே வசவு பிறந்துவிட்டது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் இன்று அந்தச் சொல் சட்டச் சொல்லாகவே இருக்கிறது. ஆனால் அங்கே தரப்படும் விளக்கத்தில் கொள்ளை எதுவும் இல்லை. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் எடுத்த படிகள், அதாவது நகல்கள், அவ்வளவுதான்.

சரி, 'திருட்டு' என்று சொல்லலாமா? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி பாடல்களை அனுமதியில்லாமல் இசைத்தட்டாக்கி மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிய ஒருவர்மீது, திருட்டுச் சரக்கைக் கடத்தியதாகவும் வழக்குப் போட்டார்கள். 1985-ல் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பதிப்புரிமையை மீறுவதும் ஒரு பொருளைத் திருடுவதும் ஒன்றல்ல என்றது. திருடினால் உடையவரிடம் பொருள் இருக்காது. படியெடுத்தால் மூலம் அவரிடமே இருக்கிறது. அதற்காக இசைத்தட்டு அனுப்பியவரை விட்டுவிடவில்லை. பதிப்புரிமைச் சட்டப்படி பெற்ற தண்டனை அப்படியே நின்றது.

இந்த இடத்தில்தான் தமிழிடம் அருமையான ஒரு சொல் இருப்பதாக நினைக்கிறேன்: 'கள்ள'. இதன் புழக்கத்தில் எடுப்பதைவிட மறைப்பது அழுத்தமாக இருக்கிறது. அகத்திணையில் 'களவு' என்பது ஊரறியாக் காதல். அதில் யாரும் எதையும் திருடுவதில்லை. கள்ளச்சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் சாவி வீட்டுக்காரர் இடுப்பிலேயே இருக்கிறது. அவருக்குத் தெரியாமல், அவர் இசைவில்லாமல் இன்னொன்று செய்துவிட்டார்கள். டிரிப்ஸ் ஒப்பந்தம் ஒரு வாக்கியத்தில் சொல்வதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. ஆகவே பொருளுக்கு 'கள்ளப்படி', செயலுக்கு 'கள்ளப்பகிர்வு' என்பேன். 'திருட்டு விசிடி' என்று மக்கள் சொன்னபோதும் விசிடியைத் திருடியதாக யாரும் நினைக்கவில்லை. திருட்டுத்தனமாகச் செய்தது என்றே பொருள் கொண்டார்கள். பேச்சில் அது இருக்கட்டும். சட்டம் பற்றி எழுதும்போது 'பதிப்புரிமை மீறல்' என்பதே சரி. தயவுசெய்து 'காப்புரிமை மீறல்' வேண்டாம். அந்தச் சொல்லைச் சிலர் காப்பிரைட்டுக்கும் சிலர் கண்டுபிடிப்புக்கான உரிமையாகிய பேட்டன்ட்டுக்கும் எழுதி, படிப்பவரைத் தவிக்கவிடுகிறார்கள்.

அப்புறம் 'பகிர்வு'. பகு, பகிர், பகுதி எல்லாம் ஒரே குடும்பம், துண்டாக்கிக் கொடுப்பது. பலர் தங்கள் கணினிகளிலிருந்தே ஒருவருக்கொருவர் கோப்பைக் கொடுத்து வாங்கும் முறையான டொரன்ட்டில் நடப்பதும் அச்சு அசலாக அதுதான். கோப்பு சின்னச் சின்னத் துண்டுகளாகிறது. உங்களுக்கு வந்து சேர்ந்த துண்டை, மீதி வருவதற்குள்ளாகவே, உங்கள் கணினி இன்னொருவருக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறது. 'நான் இறக்கத்தானே செய்தேன்' என்ற சமாதானம் எடுபடாமல் போவது இதனால்தான். சட்டத்தின் பார்வையில் நீங்கள் வாங்கியவர் மட்டுமல்ல, வினியோகித்தவரும்கூட.

பிடிபடுவதும் இதே வழியில்தான். துண்டு வாங்க வேண்டுமென்றால் யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களின் ஐபி முகவரி, அதாவது அவரவர் இணைய இணைப்புக்குரிய எண், ஒருவருக்கொருவர் தெரியும். உரிமையாளர் அமர்த்திய கண்காணிப்பு நிறுவனமும் சாதாரண ஆள் போல உள்ளே வந்து, எந்த முகவரி, எந்தக் கோப்பு, எந்த நொடி என்று குறித்துக்கொள்கிறது. பிறகு நீதிமன்றம் போய், அந்த நொடியில் அந்த முகவரியை வைத்திருந்த வாடிக்கையாளர் யார் என்று இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்கிறார்கள். பெயர் தெரியும்வரை வழக்கு 'ஜான் டோ' மீது நடக்கும். இந்தியாவில் அதே ஆளுக்கு 'அசோக் குமார்' என்று பெயர். தமிழில் 'பெயரறியார் மீதான உத்தரவு' என்றால் உடனே விளங்கும்.

தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் உரிமையியல் வழக்கிலேயே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததாக உறுதியானால் 1,50,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஜப்பான் 2012-ல் இறக்குவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிரான்ஸ் 2009-ல் 'ஹடோபி' (HADOPI) சட்டம் கொண்டுவந்தது: இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை இணைய இணைப்பே துண்டிப்பு. நீதிபதி இல்லாமல் ஓர் அமைப்பு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அதே ஆண்டு தடுத்தது. 2013-ல் துண்டிக்கும் தண்டனையையே எடுத்துவிட்டார்கள். அது நல்ல முடிவு. ஒருவர் செய்ததற்காக ஒரு வீடே இணையத்தை இழப்பது நியாயமில்லை.

'ஐபி முகவரி' என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. முகவரி என்றதும் ஓர் ஆள் நினைவுக்கு வருகிறார். உண்மையில் அது காட்டுவது ஓர் இணைப்பை. 2018-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் முன் வந்த வழக்கில், அந்த இணைப்பு, பராமரிப்பு தேவைப்படும் பெரியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் இருந்தது. தங்கியிருந்தவர்களும் வந்துபோனவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். இணைப்பு இல்லத்தை நடத்தியவர் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவர்தான் மீறினார் என்று வழக்குத் தொடுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.