கியர் போட்டதும் எஞ்சின் ஏன் அணைகிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கல் மாணவர் கேட்டிருக்கிறார்: “பைக் எஞ்சினைக் கழற்றி எங்கள் காலேஜ் ரேஸ் காரில் வைத்திருக்கிறோம். நியூட்ரலில் அருமையாக ஓடுகிறது. முதல் கியர் போட்டதும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. பிளக், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் பார்த்தாயிற்று. என்ன கோளாறு?”

கோளாறே இல்லை. சைடு ஸ்டாண்டை மடக்காமல் வண்டியை எடுக்கிறீர்கள் என்று இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினி) நினைத்துக்கொண்டிருக்கிறது.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளில் 710 சிசி வரை எஞ்சின் வைக்கலாம். பைக் எஞ்சின் என்றால் கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே கூட்டுக்குள் கிடைத்துவிடும். கூடவே பைக்கின் கவலைகளும் வந்துவிடும்: ஸ்டாண்ட் மடங்கியிருக்கிறதா, கிளட்ச் பிடித்திருக்கிறதா, நியூட்ரலில் நிற்கிறதா, வண்டி கீழே விழுந்துவிட்டதா?

ஸ்டாண்ட் சுவிட்ச் பெரும்பாலும் மடக்கினால் மூடும், இறக்கினால் திறக்கும். வயரைச் சும்மா தொங்கவிட்டால் ‘இறங்கியிருக்கிறது’ என்றுதான் பொருள். சாதாரண சுவிட்ச் என்றால் இரண்டு வயரையும் சேர்த்துவிட்டால் போதும். சில வண்டிகளில் அது காந்த சென்சார். அங்கே வயரை முறுக்குவது வேலைக்கு ஆகாது, சென்சாரையும் காந்தத்தையும் சரியான இடைவெளியில் ஒட்டிவைக்க வேண்டும். நியூட்ரல் சுவிட்ச் எஞ்சினிலேயே இருக்கிறது, கழற்றாதீர்கள். கிளட்ச் சுவிட்சைப் பெடலுக்கு மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் வயரிங்கில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு சின்ன டையோடு இருந்தால் அதையும் விட்டுவைக்க வேண்டும். தேவையில்லை என்று அதைத் தூக்கிவிட்டு நேராக இணைத்தால், கியரில் இருக்கும்போதே கிளட்சை மிதித்ததும் நியூட்ரல் விளக்கு பொய்யாக எரியும்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: சாய்வு சென்சார்.

பைக் விழுந்தால் பம்பையும் இக்னிஷனையும் நிறுத்துவது இதன் வேலை. பழைய வகைகளில் உள்ளே ஒரு சின்ன ஊசல். ஏறக்குறைய 60, 65 டிகிரி சாய்ந்தால் எஞ்சின் அணையும். அப்படியானால் ரேஸில் முழங்கால் தரையில் உரச வளைகிறார்களே, அப்போது ஏன் அணைவதில்லை?

ஏனென்றால் ஊசலுக்கு அந்தச் சாய்வே தெரியாது. வளைவில் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது. இரண்டின் கூட்டு விசை டயர் தரையைத் தொடும் இடத்தின் வழியே போகும்படிதான் ஓட்டுபவர் சாய்கிறார், இல்லாவிட்டால் விழுந்துவிடுவார். ஊசலும் அதே கூட்டு விசையின் திசையில்தான் தொங்குகிறது. பைக் 45 டிகிரி சாய்ந்தாலும் ஊசல் ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும். வண்டி தரையில் விழுந்து கிடக்கும்போதுதான் அது ஒரு பக்கமாகப் போய் முட்டும். ஆக, சாய்வு சென்சார் என்று பெயர் வாங்கியிருக்கும் இந்தச் சாதனம் சாய்வை அளப்பதே இல்லை. சமநிலை கெட்டதைத்தான் கண்டுபிடிக்கிறது.

இதை அப்படியே காரில் வையுங்கள். கார் சாயாது. கொல்லிமலை ஏறும் பஸ்ஸில் கண்ணாடி முன் தொங்கும் எலுமிச்சம்பழத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் ஒதுங்கும். திருஷ்டியைத் தடுக்கிறதோ இல்லையோ, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, முடுக்கத்தை அது ஒழுங்காகவே காட்டுகிறது. பக்கவாட்டு முடுக்கம் 1 ஜி, அதாவது புவியீர்ப்பு அளவே, என்றால் ஊசல் 45 டிகிரி விலகும். 1.5 ஜி என்றால் 56. 2 ஜி என்றால் 63. இறக்கை வைத்த மாணவர் கார்கள் 2 ஜி பக்கம் போகக்கூடியவை. அதற்கு மேல் ஒரு குலுங்கலும் சேர்ந்தால் ‘பைக் விழுந்துவிட்டது’ என்று எஞ்சின் அணைந்துவிடும். பல வண்டிகளில் சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் திரும்ப உயிர் வரும். ஊசலுக்குப் பதில் சிப் வந்தாலும், வெறும் முடுக்கமானி என்றால் அதுவும் இதே மாதிரி ஏமாறும். புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஐன்ஸ்டைன் சொன்னதும் அதைத்தான்.

கார் ஷெட்டில் நின்றபடி உறுமும்போது இது வெளியே வரவே வராது. வேகமான வளைவில், ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை நம்பியிருக்கும் நேரத்தில்தான் வரும். பேனருக்கும் டீஷர்ட்டுக்கும் பணம் தரும் கல்லூரிகள் நல்ல மல்ட்டிமீட்டருக்கும் வயரிங் மேனுவலுக்கும் கையை விரிப்பது எனக்குப் புரியாத பொருளாதாரம்.

தீர்வு: நிமிர்ந்து நிற்கும்போது சென்சார் என்ன வோல்டேஜ் தருகிறது என்று அளந்து, அதையே ரெசிஸ்டர்கள் வழியே இசியுவுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம். ஆனால் விபத்தில் பெட்ரோலை நிறுத்த அப்புறம் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வேலையை மோதலில் திறந்துகொள்ளும் இனர்ஷியா சுவிட்சிடம் கொடுங்கள். அதை எமர்ஜென்சி பட்டன்கள், பிரேக் பெடல் எல்லை மீறினால் திறக்கும் சுவிட்ச் ஆகியவற்றோடு தொடராக இணைத்து, பம்பை ஆன், ஆஃப் செய்யும் மின்காந்த சுவிட்சான ரிலேயின் காயிலுக்குப் போகும் மின்சாரம் இவை எல்லாவற்றின் வழியாகவும்தான் போகும்படி செய்யுங்கள். அப்போது எங்கே ஒரு வயர் அறுந்தாலும் பம்ப் நின்றுவிடும்.