செல்ஃப் அடிப்பதற்கு முன்

தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டு ஷெட்டில் ஒன்பது வருஷமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது அந்த அம்பாசிடர். அதைப் பார்க்க வந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்னே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செல்ஃப் அடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லண்ணே. பேட்டரியே செத்துக் கெடக்கு."

"அப்பம் வண்டி பிழைச்சுக்கிடும்."

பேட்டரி செத்தது எப்படி நல்ல சேதியாகும்? அதற்கு இன்ஜினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடும் இன்ஜினில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. பம்பு தள்ளிவிடும் ஆயிலை ஷாஃப்டே தன் சுழற்சியால் அடியில் இழுத்துக்கொண்டு, அதன்மேல் மிதக்கிறது. வேகமாகப் போகும் டயர் மழைத்தண்ணீரில் ஏறி வழுக்குமே, அதே சங்கதிதான். அந்த ஆயில் படலம் மிக நெருக்கமான இடத்தில் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இன்ஜின் நின்றதும் ஆயில் மெல்ல வடிந்து அடியில் உள்ள சம்ப்புக்குப் போகும். ஒரு ராத்திரி நின்றால் ஒட்டியிருக்கும் மிச்சமே காலையில் போதும். ஒன்பது வருஷத்தில் அதுவும் போய்விடும். அந்த நிலையில் சாவியைத் திருப்பி, தப்பித்தவறி இன்ஜின் பிடித்துக்கொண்டால், பம்பு ஆயிலை உறிஞ்சி, ஃபில்டரை நிரப்பி, பேரிங் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் சில விநாடிகளுக்கு உலோகம் உலோகத்தை உரசும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தபோது ஆகாத சேதம் அந்தச் சில விநாடிகளில் ஆகிவிடும்.

சிலிண்டருக்குள் இன்னொரு கதை. நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடிதான் இருக்கும். அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினும் அப்படித்தான். கார்புரேட்டர் வழியாகவோ சைலன்ஸர் வழியாகவோ கடற்காற்று நேராக அந்தச் சிலிண்டருக்குள் போய் வரும். சுவரோ வார்ப்பிரும்பு. அதனால்தான் மற்ற சிலிண்டர்கள் பளிச்சென்று இருக்க, ஒன்றிரண்டு மட்டும் துருவேறிக் கிடக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் அது உப்பிக்கொண்டால் இன்ஜின் ஜாம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அணைக்கும்போது, கம்ப்ரஷனில் ஏற முடியாத பிஸ்டன் பின்வாங்குவதால், இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் பிஸ்டன்கள் பாதி வழியில் இருக்கும்படியே நிற்கும். கிராங்க் ஷாஃப்டின் முனையில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் பல்சக்கரம் எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் அதிகம் தேய்வதற்கும் இதுதான் காரணம். செல்ஃப் எப்போதும் அங்கேதான் போய்க் கடிக்கிறது.

மெக்கானிக் முதல் வேலையாக நான்கு பிளக்கையும் கழற்றினார். டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஓட்டைக்கு இரண்டு ஸ்பூன் விட்டார். "மூணு நாள் கழிச்சு வாரேன், யாரும் தொடப்படாது." நான்காம் நாள் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, முன்பக்கம் ஹேண்டிலை நுழைத்துக் கால் சுற்று சுற்றினார். நகர்ந்தது. பிளக்கை இன்னும் மாட்டவில்லை, காரணத்தோடுதான். திரவம் அமுங்காது. மூடிய சிலிண்டரில் ஆயில் தேங்கியிருக்க பிஸ்டன் மேலே வந்தால், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும்.

இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரையும் திறந்து வைத்திருந்தார். ஹேண்டில் சுற்றச் சுற்ற வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கரும் ஒவ்வொன்றாகத் தலையாட்டின. ஏழு வால்வு ஸ்பிரிங் வேகத்தில் டக்கென்று மேலே வந்தது. எட்டாவது சோம்பலாக வந்தது. அதன் தண்டில் நாலு சொட்டு ஆயில் விட்டு, மரச்சுத்தியலால் செல்லமாகத் தட்டியதும் சரியானது. இதைக் கவனிக்காமல் செல்ஃப் அடித்திருந்தால், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளைந்திருக்கும்.

பெட்ரோலும் கெடும். லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். டேங்க் மூடியைத் திறந்தால் பழைய பெயிண்டு நாற்றம் வரும். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள கார்புரேட்டர் ஜெட்டின் துளையை அடைக்க அந்தப் பிசின் கொஞ்சம் போதும். டேங்கைக் கழற்றிக் கழுவி, பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ஏசி பம்பின் டயாஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் மற்ற வேலையெல்லாம் வீண்.

புதுப் பேட்டரி கடைசியில்தான் வந்தது. பிளக் இல்லாமலேயே, பத்துப் பத்து விநாடியாக, இடையில் செல்ஃப் மோட்டாரை ஆறவிட்டு அடித்தார். கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குக்குப் பாரம் குறைவு. நான்காவது தடவை ஆயில் லைட் அணைந்தது, அதாவது ஆயில் அழுத்தம் வந்துவிட்டது. அதன் பிறகே பிளக் ஏறியது.

பிடித்துக்கொண்டதும் ஷெட் முழுக்கப் புகை. ஊற்றிய ஆயில் எரிகிறது, பயமில்லை. இருபது நிமிஷம் ஓடவிட்டு, அந்தப் புது ஆயிலையும் சூட்டோடு வடித்துக் கொட்டினார். உள்ளே கழன்ற அழுக்கெல்லாம் அதில்தான் வருமாம்.

"வாரம் ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா இந்தப் பாடே வந்திருக்காது" என்றார் பெரியப்பா. பலரும் நம்புவது இது. எனக்கு உடன்பாடில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். சூடாகாத இன்ஜினில் அதில் கொஞ்சம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். எடுத்தால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடாமல் விடுவது மேல்.

பெரியப்பா ஆசையாக சீட்டில் ஏறி கியரைப் பிடித்தார். மெக்கானிக் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பிரேக்க மிதிச்சுப் பாருங்க ஐயா" என்றார். பெடல் தரை வரை போனது.